காலைத் தூக்கிய குதிரை

அத்தியாயம் ஆறு

“தமிழிலதானே சொன்னனான்? வெளியில போங்கோ.”

டொக்டர் யேசுரட்ணம் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்து லொறிகள் இரைந்துகொண்டு போகும் தெருவில், பழைய வெங்காயக் கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்து அவருடைய பாம்புக்கடி நச்சுமுறி ஆய்வு நிலையத்தை அமைத்திருந்தார்கள். எத்தனை முறை கழுவியும் வெங்காய வாசம் மட்டும் போகவில்லை.

ஸஹாப்தீன் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. காப்புறுதிக் கம்பனிகளுக்காகத் துப்புத் துலக்கிப் பிழைப்பவர் அவர். வந்ததும் தேத்தண்ணி தருகிற இடத்தில் ஒன்றும் அகப்படாது, வெளியே போகச் சொல்கிற இடத்தில்தான் ஏதாவது இருக்கும் என்பது அவர் கண்ட அனுபவம். இங்கே தண்ணீர்கூடத் தரவில்லை. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

“போறேன் டொக்டர். பாம்பு களவு போனதெண்டு நட்டஈடு கேட்டீக்கிறீங்க. காலிக் கூட்டக் காட்டிட்டு கதவத் தொறந்தா, நான் கம்பனிக்கு என்னத்தச் செல்ல?”

“காளியப்பன் எண்ட தோட்டக்காட்டான் ஞாயிற்றுக்கிழமை விரியன் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடிட்டான் எண்டு சொல்லுங்கோ. விஷத்தைப் புலிக்கு விக்கத்தான் கொண்டுபோயிருக்கிறான். பொலிசும் அப்படித்தான் நினைக்குது. நீங்கள் அவனைத் தேடுறதை விட்டிட்டு என்னைக் குடையிறியள்.”

2008ஆம் ஆண்டு அது. வன்னியில் யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் சாமான் விலை ஏறிக்கொண்டே போக, வேலை கேட்டு இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். அரசாங்கம் ஒரு நிதியை அறிவித்தது. மருத்துவ ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணம் கிடைக்கும், ஆனால் நிலையங்கள் ஏழைப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கவேண்டும். யேசுரட்ணத்தின் திட்டம் உடனேயே தெரிவானது. இந்தியாவிலிருந்து வரும் மருந்து நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் கேட்கும். தேயிலைச் செடியின் அடியில் சருகோடு சருகாகக் கிடக்கும் குட்டி விரியனுக்கு, சிங்களவர் குணகடுவா என்று சொல்லும் அந்தப் பாம்புக்குக் கேட்காது. அது கடித்தால் சிறுநீரகம் போய்விடும். பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்திலிருந்து அதற்கு மருந்து எடுப்பதுதான் திட்டம். நல்ல திட்டம். ஒருவரும் குறை சொல்லமுடியாது.

வேலைக்கு வந்தவர்களில் முதல் ஆள் காளியப்பன். இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன், தன்னுடைய லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக இங்கே சேர்த்துவிட்டான். இப்போது அவனைக் காணவில்லை. அவனுடைய தங்கை இராமலெட்சுமி, களவை விசாரிப்பவர் யார் என்று கேட்டறிந்து ஸஹாப்தீனின் அலுவலகத்துக்கு வந்து, அழவில்லை, கத்தினாள். கொழும்பில் ஒரு தமிழ் ஆம்பிளை காணாமல் போனால் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். வெள்ளை வேனில் வந்து தூக்கியிருப்பார்கள் என்றார்கள். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

“நானும் ஒண்டு கேக்கட்டே டொக்டர்?” என்றாள் ஸஹாப்தீனின் உதவியாளர் நேசம். முப்பத்தைந்து வயது, கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், வாய்க்கு மட்டும் விடுமுறை கொடுக்காதவள். “பாம்பைக் களவெடுத்தவன் குதிரையையும் கொண்டுபோட்டானோ?”

“குதிரையள் அவிசாவளைப் பண்ணையில நிக்குது.”

“அப்ப இது?”

சுவரில் பெரிதாக்கி மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். திறப்பு விழாவுக்கு வந்த பிரதியமைச்சர் நெற்றியில் வெள்ளை விழுந்த குதிரையொன்றைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யேசுரட்ணம் சிரித்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் ஊழியர்கள்.

“பண்ணையிலயிருந்து விழாவுக்குக் கொண்டந்தது.”

“நல்ல வடிவு” என்று சொல்லி நேசம் தன் போனில் அந்தப் படத்தைப் படம் பிடித்துக்கொண்டாள். யேசுரட்ணம் போனைப் பறிக்கக் கை நீட்டினார். அதற்குள் அவள் தெருவில் நின்றாள்.

“சேர், வடிவாப் பாருங்கோ” என்றாள், முச்சக்கர வண்டியில் ஏறியதும். “படத்தில எல்லாரும் அமைச்சரைப் பாக்கினம். குதிரை மட்டும் கெமராவைப் பாக்குது. முன்னங்காலை வேற தூக்கி வைச்சிருக்கு.”

“அதுக்கு?”

“பண்ணைக் குதிரைக்குப் படம் எடுக்கிறது தெரியுமோ? இது ஆராய்ச்சிக்கு வந்த குதிரை இல்லை சேர், கலியாணத்துக்குப் போற குதிரை. என்ர மச்சாளின்ர அல்பத்தில மாப்பிள்ளையை விட வடிவா நிக்கிறது குதிரைதான். அவள் இப்பவும் அதைச் சொல்லித்தான் அழுறவள்.”

ஸஹாப்தீன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “கொழும்பில கலியாணத்துக்குக் குதிர குடுக்கிறது ஆரு?”

“கொம்பனித்தெருவில துவான் ஷரீப். ஞாயிறு எண்டா காலிமுகத்திடல்ல பிள்ளையளையும் ஏத்துறவர்.”

வழியில் சோதனைச் சாவடியில் வண்டியை மறித்தார்கள். சிப்பாய் நேசத்தின் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“கொஹெத யன்னே?”

எங்கே போகிறாய் என்று கேட்டவனுக்கு, குதிரை ஒன்று தேடிப் போகிறேன் என்று அவள் சிங்களத்தில் உண்மையைத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவளுடைய கைப்பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். சீப்பும் சில்லறையும் ஜெபமாலையும் தார்ரோட்டில் விழுந்தன. பின்னால் நின்ற வாகனக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நேசம் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஸஹாப்தீன் இறங்கிப் பொறுக்க வந்தபோது “நீங்க இருங்க சேர்” என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு கொம்பனித்தெரு வரும்வரை அவள் ஒரு பகிடியும் விடவில்லை.

ஷரீபின் லாயம், பலகை வீடுகளுக்குப் பின்னால், புதிதாக எழும்பும் அடுக்குமாடியின் நிழலில் இருந்தது. ஷரீப் மலாய்க்காரர். மீசை நரைத்துவிட்டது, முறைப்பு நரைக்கவில்லை. ஆய்வு நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டு, ஸஹாப்தீனை அண்ணனுக்குரிய ‘நானா’ போட்டு அழைத்தே விரட்டினார்.

“எனக்கு ஒரு ஆஸ்பத்திரியும் தெரியாது, ஒரு டொக்டரும் தெரியாது. போங்க நானா. என்ட குதிர வெளிய போயே மாசக்கணக்கு.”

“சரி, போறோம்” என்றார் ஸஹாப்தீன். “நேசம், வந்ததுக்கு ஒரு படம் எடு.”

லாயத்தில் மூன்று குதிரைகள் நின்றன. மூன்றுமே சேறு பூசிக்கொண்டு, நெற்றி எது வெள்ளை எது என்று தெரியாமல் இருந்தன. நேசம் போனைத் தூக்கினாள். வெளிச்சம் பளிச்சென்று மின்னியது. இரண்டு குதிரைகள் தின்றுகொண்டே இருந்தன. மூன்றாவது தலையை நிமிர்த்தி, போனை நேராகப் பார்த்து, முன்னங்காலை மெல்லத் தூக்கி மடித்துக்கொண்டு நின்றது. அவள் இடப்பக்கம் போய் இன்னொரு படம் எடுத்தாள். குதிரையும் இடப்பக்கம் திரும்பிக் காலைத் தூக்கியது.

ஷரீப் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நாசமாப் போற குதிர!”

“கோவிக்காதீங்க அங்கிள்” என்றாள் நேசம். “இவ்வளவு பேரில உண்மை சொன்னது இது ஒண்டுதான்.”

ஷரீப் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.

“அவங்களுக்குக் குதிர வரல்ல நானா. அமைச்சர் வந்து படம் எடுத்தாத்தான் மிச்சச் சல்லி வருமாம். அதால வியாழக்கிழம காலையில என்ட குதிரயக் கேட்டாங்க. கொண்டு போனேன். பாம்பும் ஒண்டே ஒண்டுதான் இருந்திச்சி. அந்தத் தோட்டத்துப் பொடியன் ஊரிலயிருந்து புடிச்சிட்டு வந்தது. மத்தக் கூடெல்லாம் காலி.”

“ஒண்டுதானா?” என்றார் ஸஹாப்தீன்.

“ஒண்டுதான். அமைச்சர் வரமுந்தி ஒருக்கா செஞ்சு பாப்பமெண்டு டொக்டர் சென்னார். பாம்பக் கையில தூக்கிக் காட்டச் சென்னார். பொடியன் இடுக்கி கேட்டான். இடுக்கியில புடிச்சா படம் வடிவில்லையாம், கையால தூக்கெண்டார். தூக்கினான். பெருவிரல்ல கொத்திட்டு.”

நேசம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லையா?” என்றார் ஸஹாப்தீன்.

“வாசல்ல அமைச்சர்ட வாகனம் வந்திட்டே! நச்சுமுறி செய்யிற எடத்தில பாம்பு கடிச்சதெண்டா பேப்பர்காரன் சும்மா விடுவானா? டொக்டர் துணியச் சுத்தி விட்டார். ‘பேச்சு முடியிற வரைக்கும் நில்லு’ எண்டார். அவன் நிண்டான் நானா. நான் பாத்துக்கொண்டே இருந்தேன். பேச்சு முடிஞ்சு, பாட்டு முடிஞ்சு, தேத்தண்ணியும் குடிச்சு முடியுற வரைக்கும் நிண்டான். அதுக்குப் பொறகுதான் விழுந்தான்.”

ஸஹாப்தீன் நேசத்தின் போனை வாங்கி, படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினார். ஊழியர் வரிசையில் மெலிந்த ஒருவன். எல்லாரும் கைதட்டும்போது அவன் மட்டும் வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டிருந்தான். முகம் வேர்வையில் பளபளத்தது. சற்றுமுன் தாமும் அந்தப் படத்தைப் பார்த்தவர்தான் என்பது அவருக்கு உறைத்தது. அப்போது குதிரையை மட்டுமே பார்த்திருந்தார்.

“பொறகு?”

“டொக்டர்ட பொஞ்சாதி கார்ல ஏத்தினா. ‘வெள்ளவத்தைக்கு, எங்கட நர்சிங் ஹோமுக்கு விடு’ண்டு டிரைவருக்குச் சென்னா. அண்டைக்கே எனக்கு ஒரு போன் கோல் வந்திச்சி. பேர் செல்லல்ல. ‘பாம்பக் கண்டியா?’ எண்டு கேட்டான். காணல்ல எண்டேன். ‘நல்லது’ண்டு வெச்சிட்டான். இந்தக் காலத்தில பேர் செல்லாத மனிசனுக்கு வேற என்னத்தச் செல்ல?”

“பொலிஸ் கேட்டா?”

ஷரீப் குதிரையைப் பார்த்தார். “அதுவே செல்லிட்டே. இனி நான் மறச்சு என்ன?”

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் முனையில் இராமலெட்சுமி காத்திருந்தாள். தெமட்டகொடையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவள். நேசம் போன் பண்ணியதும் எசமானியிடம் கேட்காமலே வந்துவிட்டாள்.

“இது எத்தனாவது எடம் சேர்?” என்றாள் எரிச்சலோடு. “பொலிசுக்குப் போனேன், பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், பொணவறையிலயும் போய்ப் பார்த்தேன். எல்லாரும் போ போன்னுதான் சொல்றாங்க. நீங்க மட்டும்தான் வா வான்னு கூப்பிடுறீங்க. எங்கண்ணன மட்டும் காட்ட மாட்டேங்கிறீங்க.”

ஸஹாப்தீன் ஒழுங்கைக்குள் முன்னால் நடந்தார். நம்பிக்கை சொல்லி ஏமாற்றிவிடக் கூடாது என்று பயந்தார்.

நர்சிங் ஹோம் இரண்டு மாடி வீடு. வாசலில் தலைமைத் தாதி, மேற்றன் கனகேஸ்வரி, இரு கைகளையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“தோட்டத்து ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச இல்லை. மேல ஒரே ஒரு நோயாளிதான். பூபாலசிங்கம், சாவகச்சேரி ஆள். கிட்னிக்கு டயலிசிஸ் செய்யிறம். உங்களுக்கு என்ன வேணும்?”

“பூபாலசிங்கம் அண்ணையோ?” நேசம் கன்னத்தில் கைவைத்தாள். “கடவுளே, அவர் எங்கட பெரியம்மாவின்ர மருமோனெல்லே!”

மேற்றன் யோசிப்பதற்குள் அவள் படியேறிவிட்டாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். கீழே மேற்றன் தொலைபேசியை எடுப்பது கேட்டது. மேலே ஒரு கதவு மூடியிருந்தது. நேசம் அதில் தட்டினாள்.

“பூபாலசிங்கம் அண்ணை! நித்திரையே? சாவகச்சேரியில எல்லாரும் சுகமாமோ?”

உள்ளேயிருந்து பலமற்ற ஒரு குரல் வந்தது.

“ஆமாங்க.”

நேசம் திரும்பி ஸஹாப்தீனைப் பார்த்தாள். “சேர், ‘ஆமாங்க’ தோட்டத்துப் பேச்சு. சாவகச்சேரியான் செத்தாலும் ‘ஓம்’ எண்டுதான் சொல்லுவான்.”

அவள் சொல்லி முடிக்குமுன் இராமலெட்சுமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

கட்டிலில் கிடந்தவனின் முகம் ஊதியிருந்தது. வலது பெருவிரல் கறுத்துச் சுருங்கியிருந்தது. இராமலெட்சுமி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. அண்ணனின் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். இன்னொன்று போடக் கையை ஓங்கியவள், அது முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு போன் போட முடியலயா ஒனக்கு? வெள்ள வேன்ல தூக்கிட்டாங்கன்னு அம்மா படுத்த படுக்கையா கெடக்கு. நீ இங்க பேர மாத்திக்கிட்டுப் படுத்திருக்க?”

“கத்தாத லெட்சுமி. கொஞ்ச நாளைக்குத்தான்னு டொக்டரு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்.”

ஸஹாப்தீன் அதிர்ந்து போனார். அடைத்து வைக்கப்பட்ட ஒருவனைத்தான் அவர் எதிர்பார்த்து வந்திருந்தார். இவன் தன் சம்மதத்தோடு ஒளிந்திருக்கிறான்.

“விஷயம் வெளிய போச்சுன்னா நெலயத்த மூடிருவாங்களாம்” என்றான் காளியப்பன். “நம்ம லயத்துப் புள்ளைக எல்லாத்தையும் நாந்தான சேத்துவிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேல இல்ல, போங்கன்னு சொல்றது? அந்த மருந்து மட்டும் வந்துட்டா நம்ம சனத்துக்குத்தான நல்லது.”

“காளியப்பன்” என்றார் ஸஹாப்தீன் மெதுவாக. “நீங்க ஞாயித்துக்கெழம பாம்பெல்லாம் களவெடுத்து, விஷத்தப் புலிக்கு விக்க ஓடினதெண்டு டொக்டர் பொலிசில சென்னீக்கிறார். ஒங்களத் தேடுறாங்க.”

காளியப்பன் தங்கையைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் எழுந்து உட்கார முயன்றான், முடியவில்லை.

“எந்தப் பாம்புங்க? இருந்ததே ஒண்ணுதான?”

படியில் வேகமாக ஏறும் காலடிச் சத்தம் கேட்டது. அவர்கள் படத்தோடு போனதுமே இங்கே புறப்பட்டு வந்திருந்த யேசுரட்ணம் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“ஆரைக் கேட்டு மேல வந்தனீங்கள்? இது நோயாளியின்ர அறை!”

“காசு வாங்கியும் கூடு காலியா ஈக்கிறதுக்கு அமைச்சுக்காரன் காரணம் கேப்பான். அதுக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டிச்சி” என்றார் ஸஹாப்தீன். “கள்ளன ஆரும் தேடி வரக்கூடாது. தேடினாலும் வெள்ள வேனெண்டு நெனச்சு வாயப் பொத்திக்கொள்ளணும். ஊர்ட பயத்த நல்லாத்தான் பாவிச்சீக்கிறீங்க டொக்டர்.”

“உமக்கு என்ன தெரியும்?” என்றார் யேசுரட்ணம். “அந்தக் காசில்லாமல் இந்த மருந்து வராது. வருசா வருசம் தோட்டத்தில எத்தினை பேர் சாகினம் தெரியுமோ? ஒருத்தனுக்காக அதை விடச் சொல்லுறீரோ? ஆஸ்பத்திரியில விடாட்டிலும் என்ர செலவில வைத்தியம் செய்யிறன். அவன் உயிரோடதானே இருக்கிறான்!”

“அந்த ஒருத்தனும் தோட்டத்து ஆள்தான் டொக்டர்.”

வாசலில் மேற்றன் தலையை நீட்டினாள். “டொக்டர், பிறத்தி ஆக்கள் உள்ளுக்குப் பூந்திட்டினம் எண்டு நான் பொலிசுக்கும் சொல்லிப்போட்டன். இன்ஸ்பெக்டர் கீழ வந்திட்டார்.”

யேசுரட்ணம் சன்னலருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தார். நேசம் மேற்றனைப் பார்த்துக் கைகூப்பினாள். “அக்கா, நீங்க நல்லா இருக்கோணும்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றாமலே அறைக்குள் வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. எல்லாருடைய அடையாள அட்டையையும் கேட்டு வாங்கினார். பிறகு கட்டிலைக் காட்டி, உடைந்த தமிழில் கேட்டார்.

“இது யார்?”

“டொக்டரிட்டயே கேளுங்க சேர்” என்றார் ஸஹாப்தீன்.

யேசுரட்ணம் கட்டிலையும் இன்ஸ்பெக்டரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்பது ஸஹாப்தீனுக்கு விளங்கியது. காளியப்பன் என்றால், வியாழக்கிழமையிலிருந்து இந்தக் கட்டிலில் கிடப்பவன் ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் எப்படித் திருடினான் என்ற கேள்வி வரும்.

“பூபாலசிங்கம்” என்றார் யேசுரட்ணம். “சாவகச்சேரி. என்ர நோயாளி.”

இன்ஸ்பெக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். “ஹரித?” சரிதானா என்ற கேள்வி.

தலையை ஆட்டினால் போதும், காளியப்பன் பூபாலசிங்கமாகவே இருந்துவிடலாம். வைத்தியம் நடக்கும், லயத்துப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும். இல்லையென்று சொன்னால், புலிக்கு விஷம் விற்றவன் என்று தேடப்படுகிற பெயரைத் தன் வாயாலேயே பொலிசுக்குச் சொல்லவேண்டும். அந்த நாட்களில் அப்படிப் பெயர் சொன்னவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. யேசுரட்ணம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார், விழாவன்று ‘நில்லு’ என்று சொல்லி நிறுத்திய அதே பார்வை.

காளியப்பன் போர்வைக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்தான். கறுத்த விரலை எல்லாரும் பார்க்கும்படி நெஞ்சின்மேல் வைத்தான்.

“இல்லீங்க. நா காளியப்பன்.” இன்ஸ்பெக்டருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று, தெரிந்த சிங்களத்தில் இன்னொரு தடவை சொன்னான். “மகே நம காளியப்பன்.”

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது. நேசம் இராமலெட்சுமியின் கையைப் பிடித்தாள். ஆனால் அவர் அந்த விரலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்போ கடிச்சது?”

“வியாழக்கிழமைங்க. அமைச்சரு வந்த அன்னிக்கு.”

“பார்த்த ஆள் இருக்கா?”

“ஈக்கிறார் சேர்” என்றார் ஸஹாப்தீன். “குதிரக்காரர். இப்பவே கூட்டிட்டு வரலாம்.”

இன்ஸ்பெக்டர் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். யேசுரட்ணத்தின் அட்டையை மட்டும் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “டொக்டர், நீங்க வாங்க” என்றார். கட்டிலில் கிடந்தவனை முறைத்து, “நீ எங்கயும் போக ஏலாது. பெரியாஸ்பத்திரிக்கு மாத்தணும். காவலுக்கு ஆள் போடுறேன்” என்றார். அது பாதுகாப்பா சிறையா என்று அந்தக் குரலிலிருந்து தெரியவில்லை. யேசுரட்ணம் முன்னால் நடந்தார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

“லெட்சுமி, தோட்டத்துக்கு போன் போட்டு, நா உசுரோட இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிரு.” கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தான். “புள்ளைக அத்தன பேருக்கும் வேல போச்சுன்னும் சொல்லிரு.”

இராமலெட்சுமி நேசத்தின் போனை வாங்கி, எண்களை அழுத்தினாள். இரண்டு தடவை எண் தவறிப்போனது.

“மொதல்ல சொன்னத மட்டும் சொல்றேன்” என்றாள்.